ஆஃப்-ரோடு பைக்கின் ஏர் ஃபில்டர்: கழற்றுவதிலிருந்து மாட்டுவது வரை

ஏர் ஃபில்டர் உட்கார்ந்திருக்கும் பெட்டியான ஏர்பாக்ஸிலிருந்து என்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாய்க்குள் சுட்டுவிரலை விட்டு, உட்சுவரை ஒரு சுற்றுத் தடவி எடுத்துப் பாருங்கள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை, அல்லது ஃபில்டர் எண்ணெயின் லேசான பிசுக்கு மட்டும் இருக்கிறது என்றால் நல்லது. மாவு போல ஏதோ ஒட்டியிருக்கிறது, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தால் நறநறக்கிறது என்றால், அந்தப் புழுதி இவ்வளவு நாளும் உங்கள் என்ஜினுக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஃபில்டர் பார்வைக்குப் பளிச்சென்று இருந்தாலும் சரி.

இப்படி நறநறக்கும் விரலோடு நானும் ஒருமுறை நின்றிருக்கிறேன். ஃபில்டர் புதிது. எண்ணெயும் நன்றாகவே தடவியிருந்தேன். முந்தைய நாள் இரவு அவசரத்தில் மாட்டியபோது ஓரிடத்தில் மட்டும் விளிம்பு மடங்கிப் போயிருந்தது, அவ்வளவுதான். ரப்பர் குழாயின் உள்ளே, மடிப்புக்கு நேர் எதிரே, பழுப்பு நிறத்தில் நூல் போல ஒரு கோடு ஓடியது. ஒரே ஒரு நாள் ஓட்டிய வேலை அது.

அழுக்கான ஃபில்டரைவிட சரியாக உட்காராத ஃபில்டருக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். அழுக்கு ஃபில்டர் காற்றை அடைக்கும், வண்டி இழுக்காது, நீங்களே கவனித்துவிடுவீர்கள். உட்காராத ஃபில்டரோ ஒரு அறிகுறியும் காட்டாது. வண்டி பிரமாதமாக ஓடும், பிஸ்டன் ரிங் தேய்ந்து முடியும் வரை. அதனால் கீழே கழுவுவதைவிட எண்ணெய் போடுவதற்கும் மாட்டுவதற்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

ஃபோம் என்ன செய்கிறது, எண்ணெய் என்ன செய்கிறது

ஆஃப்-ரோடு பைக்குகளில் பெரும்பாலும் வருவது பாலியூரித்தேன் ஃபோம் ஃபில்டர். இரண்டு அடுக்குகளை ஒட்டியிருப்பார்கள். வெளி அடுக்கின் துளைகள் பெரியவை, உள் அடுக்கின் துளைகள் பொடியவை. இந்தத் துளைகள்தான் சல்லடை போலப் புழுதியைப் பிடிக்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள். கூழாங்கல்லும் இலைத்தூளும் அப்படிப் பிடிபடலாம். என்ஜினைத் தின்னும் நுண்புழுதி அந்தத் துளைகளில் தாராளமாக நுழைந்து போய்விடும். அதைப் பிடிப்பது எண்ணெய். ஃபோமுக்குள் காற்று நேராகப் போக முடியாது, வளைந்து வளைந்துதான் போகும். காற்று வளையும்போது தூசி அதே வேகத்தில் வளைய முடியாமல் இழைகளில் மோதுகிறது. இழைமேல் பிசுபிசுப்பான எண்ணெய் இருந்தால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும், இல்லாவிட்டால் உதிர்ந்து அடுத்த துளைக்குப் போகும். எண்ணெய் இல்லாத ஃபோம் ஃபில்டரை மாட்டி ஓட்டுவது, ஃபில்டரே இல்லாமல் ஓட்டுவதற்குப் பக்கத்து வீடு.

என்ஜின் குடிக்கும் காற்றின் அளவையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய, எடையில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 0.75 கிலோ. அப்படியானால் 11 கிலோ காற்று. கன அளவில் சொன்னால் 9,000 லிட்டருக்கு மேல். ஒரு 450 சிசி நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் 8,000 ஆர்பிஎம்மில் முழு த்ராட்டிலில் ஓடினால், சிலிண்டர் ஒவ்வொரு முறையும் முழுதாக நிரம்புவதாக வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 1,800 லிட்டர் காற்றை இழுக்கிறது. அதையும் முன்னால் போகும் வண்டி கிளப்பிவிட்ட புழுதிக்கு நடுவில் இழுக்கிறது.

மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் துகள் மோஸ் அளவுகோலில் 7. சாதாரண எஃகைவிடக் கடினம். அது சிலிண்டருக்குள் போய் எண்ணெயோடு கலந்தால் வால்வு தேய்க்கும் பேஸ்ட்தான். இரண்டு ஸ்ட்ரோக் வண்டி என்றால், காற்றும் பெட்ரோலும் முதலில் என்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸ் வழியாகத்தான் மேலே போகின்றன. அதனால் புழுதிக்கு முதல் இரை கிராங்க் பேரிங்கும் கனெக்டிங் ராடின் கீழ்ப் பேரிங்கும். நான்கு ஸ்ட்ரோக்கில் ரிங்குகளைத் தாண்டி என்ஜின் ஆயிலில் இறங்கி, ஆயில் போகும் இடமெல்லாம் போகும். பந்தய ரக நான்கு ஸ்ட்ரோக் வண்டிகள் பலவற்றில் காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு டைட்டானியம். அதன்மேல் இருக்கும் கடினப் பூச்சு மெல்லியது. புழுதி அந்தப் பூச்சை அரித்துவிட்டால் வால்வு தன் இருக்கைக்குள் மெல்ல அமுங்கும், வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி, அதாவது கிளியரன்ஸ், குறையும், ஒருநாள் வண்டி ஸ்டார்ட் ஆக மறுக்கும். இன்டேக் பக்கம் மட்டும் கிளியரன்ஸ் அடிக்கடி குறைகிறதா? அதைச் சரிசெய்யும் ஷிம் தகட்டை வாங்குவதற்கு முன் ரப்பர் குழாய்க்குள் விரலை விடுங்கள்.

இன்னொரு விஷயம். பழைய இரும்பு ஸ்லீவ் சிலிண்டரைப் போல இன்றைய பந்தய ரக வண்டிகளின் சிலிண்டர்கள் பலவற்றைக் கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுச் சமாளிக்க முடியாது. அலுமினியத்தின் மேல் நிக்கலும் சிலிக்கான் கார்பைடும் கலந்த முலாம் பூசியவை அவை. முலாம் போனால் மறுபடி முலாம் பூச வேண்டும், அல்லது சிலிண்டரையே மாற்ற வேண்டும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை?

கிலோமீட்டர் கணக்கு இங்கே உதவாது. மோட்டோகிராஸ் ட்ராக், கூட்டமாகப் போகும் காய்ந்த காட்டுப்பாதை, மணல்மேடு என்றால் ஒவ்வொரு முறை ஓட்டிய பிறகும் மாற்றிவிடுவேன். மழை பெய்து புழுதி அடங்கிய பாதையில் தனியாக ஓட்டினால் இரண்டு மூன்று முறை தாங்கும். அப்போதும் மூடியைத் திறந்து ஒரு பார்வை பார்ப்பது நல்லது. ஓட்டாமல் சும்மா நின்ற வண்டிக்கும் இது பொருந்தும். மாதக்கணக்கில் நின்றால் எண்ணெய் மெல்ல வடிந்து ஃபோமின் கீழ்ப்பக்கம் தேங்கும், மேல்பக்கம் காய்ந்து கிடக்கும்.

அடைத்த ஃபில்டர் கார்புரேட்டர் வண்டியில் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். காற்று குறைந்து பெட்ரோல் கூடிவிடுவதால் கரும்புகை, கரி பிடித்த பிளக், மேல் ஆர்பிஎம்மில் தொண்டையைப் பிடித்தது போன்ற ஓட்டம். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி சென்சாரை வைத்து ஓரளவு ஈடுகட்டிவிடும். இழுவை குறைவது மட்டும்தான் தெரியும், அதுவும் தாமதமாக.

கையோடு எடுத்து வைக்க வேண்டியவை

ஃபோம் ஃபில்டருக்கென்றே விற்கும் எண்ணெய், அந்த எண்ணெயைக் கரைக்கும் கிளீனர், இரண்டு வாளிகள், பாத்திரம் கழுவும் திரவ சோப்பு, நைட்ரைல் கையுறை, நீர் புகாத கிரீஸ், சுத்தமான துணிகள். துணிகளில் ஒன்றாவது கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருக்கட்டும், காரணம் பிறகு சொல்கிறேன். எண்ணெயும் கிளீனரும் ஒரே வகையாக இருப்பது முக்கியம். மக்கும் வகை எண்ணெய்க்கு அதற்கான பொடியும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும். பெட்ரோலிய வகை எண்ணெய்க்கு வெறும் தண்ணீர் வேலைக்கு ஆகாது, கரைப்பான் வேண்டும்.

கையுறை இல்லாமல் ஒருமுறை எண்ணெய் போட்டவர்கள் இரண்டாவது முறை மறக்க மாட்டார்கள். அந்தப் பிசுக்கு சோப்புக்கு அசைந்து கொடுக்காது. தொட்ட இடமெல்லாம், வீட்டுக் கதவுப்பிடி உட்பட, நீலமோ சிவப்போ ஆகிவிடும்.

கழற்றுதல்

வண்டி புழுதியோடு இருந்தால் முதலில் சீட்டைச் சுற்றியும் ஏர்பாக்ஸ் மூடியைச் சுற்றியும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். அப்படியே திறந்தால் சீட்டுக்கு அடியில் குவிந்திருக்கும் மண் நேராக உள்ளே கொட்டும். பிறகு சீட்டையோ பக்கவாட்டு மூடியையோ கழற்றுங்கள். ஃபில்டர் ஒரு பிளாஸ்டிக் கூண்டின் மேல் போர்த்தியிருக்கும். கூண்டை நீளமான போல்ட் ஒன்று பிடித்திருக்கும், அல்லது கருவியில்லாமல் கழற்றும் கிளிப் இருக்கும்.

போல்டைத் தளர்த்திய உடன் இழுத்துவிடாதீர்கள். முதலில் ஃபில்டரை ஒரு கையால் பின்னோக்கி லேசாக விடுவித்து, வெளிப்பக்க அழுக்கு ரப்பர் குழாயின் வாயில் உரசாதபடி சாய்த்து எடுக்க வேண்டும். ஃபில்டரின் வெளிமுகத்தில் இருக்கும் மண்ணை, ஃபில்டர் காத்துக்கொண்டிருந்த அதே வாய்க்குள் நாமே தட்டிவிடுவது சர்வசாதாரணமாக நடக்கும்.

எடுத்ததும் விரல் சோதனை. அது முடிந்ததும் குழாயின் வாயைத் துணியால் அடையுங்கள். கண்ணைப் பறிக்கும் துணி இதற்குத்தான். அடைத்த துணியை மறந்து ஃபில்டரை மாட்டியவர்கள் நிறைய. அதில் நானும் உண்டு. கிக்கரை உதைத்து உதைத்து வியர்த்து, பிளக்கைக் கழற்றி, பெட்ரோல் வருகிறதா என்று பார்த்து, அரைமணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. அன்றிலிருந்து துணியின் ஒரு முனையை ஹேண்டில்பாரில் கட்டிவிடுகிறேன். ஃபில்டரைக் கழுவி மாட்டும்வரை ஏர்பாக்ஸை மூடும் பிளாஸ்டிக் மூடிகளும் கிடைக்கின்றன. வண்டியைத் தண்ணீர் விட்டுக் கழுவுவதாக இருந்தால் துணியை நம்பாமல் அதையே போடுங்கள்.

ஃபில்டரைக் கழுவுவதற்கு முன் திருப்பி, உட்பக்கத்தை, அதாவது கூண்டை ஒட்டியிருக்கும் பக்கத்தைப் பாருங்கள். வெளிப்பக்கம் எவ்வளவு கருத்திருந்தாலும் உட்பக்கம் எண்ணெயின் சொந்த நிறத்தில் இருக்க வேண்டும். உட்பக்கமும் மண் நிறம் என்றால் எண்ணெய் போதவில்லை, அல்லது ரொம்ப நாள் விட்டுவிட்டீர்கள். விளிம்பில் மட்டும் ஓரிடத்தில் மண் கோடு இருந்தால் அங்கே காற்று கசிந்திருக்கிறது. கழுவிவிட்டால் இந்தச் சாட்சி அழிந்துபோகும்.

கழுவுதல்

கூண்டிலிருந்து ஃபோமை உரித்தெடுத்து, கிளீனர் ஊற்றிய வாளியில் முக்கி, உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து அமுக்கி அமுக்கி விடுங்கள். துணி துவைப்பது போல முறுக்கிப் பிழியக் கூடாது. முறுக்கினால் அடுக்குகளை இணைக்கும் பசையும் தையல் போன்ற ஒட்டுகளும் பிரியும். முதல் வாளி சேறாகிவிடும். இரண்டாவது வாளியில் சுத்தமான கிளீனரில் மறுபடியும் அமுக்குங்கள். முடிந்தால் முதலில் உட்பக்கம் வெளியே வரும்படி ஃபில்டரைத் திருப்பாமல் வெளிப்பக்கத்தை மட்டும் அலசுங்கள். மண் கரைந்து போன பிறகு திருப்பலாம். எடுத்த எடுப்பிலேயே திருப்பினால் வெளி மண் உள் அடுக்குக்கு ஏறும்.

மண்ணெண்ணெய் பற்றிக் கேட்பார்கள். பலர் பயன்படுத்துகிறார்கள், எண்ணெயையும் நன்றாகவே கரைக்கும். ஆனால் அதன் பின் சோப்பு போட்டு முழுதாக வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் புது எண்ணெயை அதுவே நீர்க்கச் செய்துவிடும். பெட்ரோல் மட்டும் வேண்டவே வேண்டாம். பசையை இளக்கும், ஃபோமைச் சொரசொரப்பாக்கும் என்பதெல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். மைனஸ் 40 டிகிரி வாக்கிலேயே தீப்பிடிக்கக்கூடிய ஆவியை விடும் பொருள் அது. மூடிய அறையில் ஒரு வாளி பெட்ரோலைத் திறந்து வைத்து அதில் கையை விட்டு ஃபோமை அமுக்குவதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. சுவிட்ச் போடும் பொறி போதும்.

எண்ணெய் போன பிறகு வெதுவெதுப்பான தண்ணீரும் திரவ சோப்பும். கொதிநீர் வேண்டாம், பசை தாங்காது. நுரை வெள்ளையாக வரும்வரை அமுக்கிவிட்டு, உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் போகும்படி அலசுங்கள். பிரஷர் வாஷரும் கம்ப்ரஸர் காற்றும் ஃபோமுக்கு எதிரிகள், நுண்துளைகளின் சுவர்களைக் கிழித்துவிடும். கிழிசல் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் கொடுமை.

மிச்சமான கிளீனரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். வாளியை மூடி ஒருநாள் வைத்தால் மண் அடியில் படியும். மேலே தெளிந்ததை வடித்து, அடுத்த முறை முதல் அலசலுக்கு வைத்துக்கொள்ளலாம். அடி வண்டலைப் பழைய என்ஜின் ஆயிலோடு சேர்த்து, கழிவு எண்ணெய் வாங்குபவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

உலர வைப்பது நிழலில். நேர் வெயில் ஃபோமை நாளடைவில் பொடிப்பொடியாக்கும். ஹேர் ட்ரையர், ஹீட்டர் எல்லாம் அவசரக்காரர்களின் வேலை. ஓர் இரவு முழுவதும் காற்றோட்டமாகத் தொங்கவிட்டால் சரி. ஈரம் மிச்சமிருந்தால் அந்த இடத்தில் எண்ணெய் ஏறாது.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தல்

உலர்ந்த ஃபோமை விளக்குக்கு எதிரே பிடித்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். ஊசிமுனை போல வெளிச்சம் தெரியும் இடம், அடுக்குகள் பிரிந்த இடம், விளிம்பில் பசை விட்ட இடம், போல்ட் நுழையும் துளை வாய் கிழிந்த இடம். இதில் எது இருந்தாலும் அந்த ஃபில்டரின் காலம் முடிந்தது. ஒட்டவைத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். பிறகு விரலால் ஓரத்தைக் கிள்ளிப் பாருங்கள். நல்ல ஃபோம் துள்ளித் திரும்பும், முடிந்துபோன ஃபோம் துகளாக உதிரும். உதிரும் துகள் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

எண்ணெய் போடுதல்

என்ஜின் ஆயிலைப் போட்டால் என்ன என்ற கேள்வி எப்போதும் வரும். முன்பு அப்படியும் செய்தார்கள். என்ஜின் ஆயில் வழுக்குவதற்காகச் செய்தது, ஒட்டுவதற்காக அல்ல. ஃபோமில் நிற்காமல் வடிந்து அடியில் தேங்கும், வேகமான காற்று அதை இழுத்துக்கொண்டு போகும். ஃபில்டர் எண்ணெயில் பிசின் போன்ற ஒட்டும் பொருளும், அதை நீர்க்கச் செய்யும் ஒரு கரைப்பானும் இருக்கும். நீங்கள் தடவும்போது அது தண்ணீர் போல ஓடி உள் அடுக்குவரை இறங்கும். கரைப்பான் ஆவியான பிறகு பிசுக்கு மட்டும் இழைமேல் நிற்கும்.

நான் செய்வது ஜிப் பை முறை. பெரிய பிளாஸ்டிக் பையில் ஃபோமைப் போட்டு, டப்பாவை நன்றாகக் குலுக்கி எண்ணெயை மேலே சுற்றிலும் ஊற்றி, பையை மூடி வெளியிலிருந்து பிசைகிறேன். சப்பாத்தி மாவு பிசைவது போல அழுத்தமாக, ஆனால் கிள்ளாமல். இரண்டு மூன்று நிமிடம் ஆனதும் வெளியே எடுத்து நிறத்தைப் பார்க்கிறேன். எண்ணெய்க்கு நிறம் போட்டிருப்பதே இதற்காகத்தான். வெளிறிய திட்டு எங்கேயாவது தெரிந்தால் அங்கே சில சொட்டு விட்டு மறுபடி பிசைகிறேன். உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவும் மறப்பதில்லை. வெளியே அடர்நீலம், உள்ளே வெளிர்நீலம் என்றால் உள் அடுக்குக்கு எண்ணெய் போகவில்லை. முக்கியமான வேலையைச் செய்வது அந்தப் பொடித்துளை அடுக்குதான். ஸ்ப்ரே டப்பாவில் வருவதைப் பயன்படுத்துபவர்களுக்கு இந்தத் தவறு அதிகம் நடக்கும். மேல்முகம் மட்டும் நனையும். ஸ்ப்ரே என்றாலும் இரண்டு பக்கமும் அடித்துவிட்டுப் பிசையத்தான் வேண்டும்.

நிறம் சீரானதும் உள்ளங்கைகளுக்கு நடுவில் அமுக்கி மிஞ்சிய எண்ணெயை வெளியேற்றுங்கள். எவ்வளவு மிச்சமிருக்க வேண்டும்? அமுக்கினால் விரல் இடுக்கில் பிசுக்குத் தெரிய வேண்டும், கையை எடுத்தால் சொட்டக் கூடாது. கூடுதலாக விட்டால் பாதுகாப்பு அதிகமாகிவிடாது. ஏர்பாக்ஸின் அடியில் குளம் கட்டும், குழாய்க்குள் வடியும், ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்யும். பையில் மிச்சமாகும் எண்ணெயைச் சுத்தமாக இருந்தால் டப்பாவில் திருப்பி ஊற்றலாம்.

உடனே மாட்டி ஓட்டிவிடாதீர்கள். கரைப்பான் ஆவியாகச் சில மணி நேரம் விட வேண்டும், ஓர் இரவு என்றால் உத்தமம். ஈரமாக இருக்கும்போதே என்ஜினை முறுக்கினால் நீர்த்த எண்ணெய் ஃபோமை விட்டு இழுபட்டு வந்துவிடும்.

கிரீஸும் ஏர்பாக்ஸும்

ஃபில்டர் உலரும் நேரத்தில் ஏர்பாக்ஸைப் பார்த்துவிடலாம். துடைக்கும்போது குழாய் வாயிலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். அடியில் இருக்கும் வடிகால் ரப்பரைக் கிள்ளித் தண்ணீரையும் மண்ணையும் வெளியேற்றுங்கள். ஃபில்டர் உட்காரும் தளத்தை விரலால் தடவி, பழைய கிரீஸோடு ஒட்டிய மணல் ஒரு துளியும் இல்லாமல் எடுக்க வேண்டும். கூண்டில் உலோக வலை இருக்கிறதா என்று பாருங்கள். அது பேக்ஃபயர் ஆகும்போது, அதாவது என்ஜின் ஃபில்டர் பக்கமாகப் பின்னோக்கி வெடிக்கும்போது, தீப்பொறி ஃபோமைத் தொடாமலிருக்க வைத்தது. நசுங்கியிருந்தாலோ விரிசல் இருந்தாலோ கூண்டோடு மாற்றிவிடுங்கள்.

பெரும்பாலோர் பார்க்க மறக்கும் இடம் இன்னொன்று இருக்கிறது. ஃபில்டருக்குப் பின்னால், ரப்பர் குழாய் ஏர்பாக்ஸோடு சேரும் இடமும், கார்புரேட்டரையோ த்ராட்டில் பாடியையோ கவ்வும் கிளாம்பும். ஃபில்டர் எவ்வளவு நன்றாக உட்கார்ந்திருந்தாலும் இங்கே கசிந்தால் பயனில்லை. டைட் செய்து, ரப்பரை வளைத்து வெடிப்புத் தேடுங்கள்.

விளிம்புக் கிரீஸ் தேவையா என்பதில் ஆளுக்கு ஒரு கருத்து. எண்ணெய்ப் பிசுக்கே போதும் என்பவர்களும் உண்டு. நான் போடுவேன். ஏர்பாக்ஸ் தளம் பிளாஸ்டிக், வருடக்கணக்கில் சிறிது கோணல் ஆகும். மெல்லிய கோணலை கிரீஸ் நிரப்பிவிடும். கிரீஸ் இருப்பதால் இன்னொரு லாபமும் உண்டு, அடுத்துச் சொல்கிறேன்.

மாட்டுதல்

ஃபோமைக் கூண்டின் மேல் போர்த்தும்போது, கூண்டின் முனைகள் ஃபோமின் துளைகளில் சரியாக வந்திருக்கின்றனவா, விளிம்பு கூண்டின் அடியில் சுற்றிலும் சமமாக மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு விளிம்பின் முகத்தில், தளத்தில் உட்காரப் போகும் பகுதியில் மட்டும், நெல்மணி கனத்தில் ஒரு வளையம் கிரீஸ். ஃபோமின் மற்ற இடங்களில் கிரீஸ் பட்டால் அங்கே காற்று போகாது.

அடைத்த துணியை எடுத்தீர்களா? சரி. மாட்டுங்கள்.

ஃபில்டர் வண்டிக்கு வண்டி ஒரு திசையில்தான் உட்காரும். மேல், கீழ் அடையாளமோ வழிகாட்டும் முனையோ இருக்கும். சீட் இடுக்கு வழியாக நுழைக்கும்போது விளிம்பு பிளாஸ்டிக்கில் உரசி மடங்காமல் கவனித்து, முனை அதன் துளையில் விழுந்ததை உணர்ந்த பிறகு போல்டைக் கையால் திருகுங்கள். கடைசிச் சுற்றுகளுக்கு முன் நிறுத்திவிட்டு, விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டுங்கள். கண்ணுக்கு எட்டாத அடிப்பக்கத்தைத்தான் விரல் முக்கியமாகத் தடவ வேண்டும், மடிப்பு விழுவது அநேகமாக அங்கேதான். எல்லாம் சமம் என்றால் போல்டை முடித்துவிடலாம். அளவாக இறுக்கினால் போதும். மிஞ்சினால் கூண்டு வளைந்து நடுவில் இறுகி ஓரத்தில் வாய் பிளக்கும்.

முதல் சில தடவைகள், அல்லது புது வகை ஃபில்டர் வாங்கியபோது, இந்தச் சோதனையைச் செய்யுங்கள். முழுதாக இறுக்கி ஒரு நிமிடம் விட்டுவிட்டு மறுபடி கழற்றுங்கள். ஏர்பாக்ஸ் தளத்தில் கிரீஸ் ஒரு முழு வளையமாக அச்சுப் பதிந்திருக்க வேண்டும். வளையம் எங்காவது அறுந்திருந்தால் அங்கே ஃபில்டர் தொடவே இல்லை. கோணல் ஃபில்டரிலா, கூண்டிலா, தளத்திலா என்று கண்டுபிடிக்க, ஃபில்டரை மட்டும் மாற்றி மறுபடி செய்து பாருங்கள். ஒருமுறை ஒரு மலிவு ஃபில்டரில் இரண்டு விரற்கடை அளவு அச்சே விழவில்லை. விளிம்பு அந்த இடத்தில் மெலிந்திருந்தது. கிரீஸ் இல்லாமல் இருந்தால் இதைக் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன்.

சேறு, மணல், ஆறு

மணலுக்குப் போகும்போது ஃபில்டரின் மேல் போர்த்தும் மெல்லிய உறை ஒன்று கிடைக்கும். பெரிய மண்ணை அது தாங்கிக்கொள்ளும். இடைவேளையில் உரித்துப் போட்டால் அடியிலிருக்கும் ஃபில்டர் ஓரளவு புதிதாக இருக்கும். அதற்கும் லேசாக எண்ணெய் வேண்டும்.

ஆற்றில் விழுந்த வண்டியை உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். முதலில் ஃபில்டரைக் கழற்றி ஏர்பாக்ஸில் தண்ணீர் நிற்கிறதா, குழாய்க்குள் போயிருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் அமுக்கத்துக்கு அடங்காது. சிலிண்டரில் இருந்தால் வளைவது கனெக்டிங் ராட். நனைந்த ஃபோமை அமுக்கி, மாற்று ஃபில்டர் இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

பேப்பர் ஃபில்டர் வண்டிகள்

நீண்ட பயண வண்டிகளில் மடிப்பு மடிப்பான பேப்பர் ஃபில்டர் வரும். இதுவரை சொன்ன எதையும் அதற்குச் செய்யாதீர்கள். கழுவினால் பேப்பர் கெடும், கம்ப்ரஸர் காற்றை வேகமாக அடித்தால் கிழியும். லேசாகத் தட்டிவிட்டு அவசரத்துக்கு ஓட்டலாம், அப்புறம் புதிது. அடிக்கடி புழுதியில் ஓட்டுபவர் அந்த வண்டிக்கு ஃபோம் ஃபில்டர் கிடைக்கிறதா என்று பார்ப்பது மேல்.

மூன்று ஃபில்டர் கணக்கு

ஒரே ஃபில்டரை வைத்துக்கொண்டு கழுவி, உலர்த்தி, எண்ணெய் போட்டு, காத்திருந்து மாட்டுவதற்கு இரண்டு நாள் ஆகும். அங்கேதான் அவசரம் நுழைகிறது, ஈரத்தோடு மாட்டுகிறோம், இருட்டில் மாட்டுகிறோம், விளிம்பு மடங்குகிறது. அதனால் மூன்று வைத்திருக்கிறேன். ஒன்று வண்டியில், ஒன்று எண்ணெயோடு தயாராக, ஒன்று அழுக்கில். இரண்டு அழுக்கு சேர்ந்ததும் ஒரே நாளில் கழுவிவிடுவேன். தயாரானதைத் தேதி எழுதிய ஜிப் பையில் நசுங்காமல் வைத்து, வாரம் ஒருமுறை பையைத் தலைகீழாகத் திருப்பி வைப்பேன், எண்ணெய் ஒரே பக்கம் இறங்காமலிருக்க. இரண்டு மாதத்துக்கு மேல் கிடந்ததை மாட்டுவதற்கு முன் பையோடு வைத்தே ஒரு தடவை பிசைந்து, நிறம் சீராகிவிட்டதா என்று பார்த்துக்கொள்கிறேன்.